ஆள் மாறிய சண்டை: கிருமியின் புரதமும் நம் இதயமும் மூளையும்

தரம் 4இல் படிக்கும் ஒரு பிள்ளையின் தமிழ்க் கொப்பியை எண்ணிக்கொள்ளுங்கள். தவணைத் தொடக்கத்தில் எழுத்துகள் கோட்டின்மேல் ஒழுங்காக அமர்ந்திருந்தன. இப்போது 'ழ'வின் வால் அடுத்த வரிக்குள் இறங்குகிறது, கொம்புகள் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கின்றன. கவனக்குறைவு என்கிறார் ரீச்சர். வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவுகிறது, முகம் தானாகச் சுளிக்கிறது, தோள் துள்ளுகிறது. அம்மம்மா நாவூறு கழிக்கிறா. சேட்டை என்று அப்பா அதட்டுகிறார். நித்திரையில் மட்டும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

டொக்டரிடம் கூட்டிப்போனால் அவர் கையைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். "கொஞ்ச மாதத்துக்கு முந்தித் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்ததா?" என்பார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருப்பார். ஆடுவது கை, அவர் விசாரிப்பது தொண்டையை, சோதிப்பது இதயத்தை. இந்த மூன்றையும் இணைக்கும் நூல்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

இந்த நோய்க்கு சிடனம் கொரியா என்று பெயர். ஆங்கில மருத்துவர் தோமஸ் சிடனம் 1686இல் இதை விவரித்தார். பிள்ளையின் மூளைக்குள் தேடினால் எந்தக் கிருமியும் கிடைக்காது. தொண்டையில் வந்த பற்றீரியா எப்போதோ போய்விட்டிருக்கும். அது உடுத்தியிருந்த உருவம் மட்டும் உடலின் நினைவில் தங்கிவிட்டது. அந்த நினைவே இப்போது பிள்ளையின் நரம்புகளை ஆட்டுகிறது.

பற்றீரியாக்களின் புரதங்கள் மூளை நோய்களிலும், உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்களிலும் பங்கெடுக்கலாம் என்ற செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. பார்க்கின்சன், அல்ஸைமர், லூபஸ், மூட்டுவாதம் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் சில நன்றாக நிறுவப்பட்டவை, சில இன்னும் ஆய்வுகூட எலிகளைத் தாண்டவில்லை. எது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால், தேவையில்லாத பயமும் தேவையில்லாத செலவும் குறையும்.

முதலில் புரதம்

பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் இருப்பது என்றுதான் புரதத்தை நமக்குத் தெரியும். உடலுக்குள் அது ஒரு கருவி. அமினோ அமிலங்கள் என்ற 20 வகை மணிகளைக் கோத்த மாலை என்று அதை நினைக்கலாம். கோத்து முடிந்த மாலை தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதும், தசையை இழுப்பதும், சாப்பாட்டை உடைப்பதும் அந்த உருவத்தால் நடப்பவை. உருவம் கெட்டால் வேலையும் கெடும்.

பற்றீரியாவுக்கும் புரதங்கள் உண்டு. அதே 20 வகை மணிகள்தாம் அங்கும். மணிகள் ஒன்றாயிருக்கும்போது, கிருமியின் மாலையில் எங்கோ ஒரு துண்டு நம் மாலையின் ஒரு துண்டைப்போல அமைந்துவிடுவது அதிசயமல்ல. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பெயர் ஒற்றுமை

போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இருந்தவர்களுக்குப் பெயர் ஒற்றுமை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தேடப்படுபவரின் பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாயிருந்தால் போதும், பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிவிடுவார்கள். ஊர் வேறு, வயது வேறு, தகப்பன் பெயர் வேறு என்பதெல்லாம் பிறகுதான் பார்க்கப்படும்.

நம் நிர்ப்பீடனத் தொகுதியும் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்கிறது. பிறபொருளெதிரி என்னும் காவலர் ஒரு கிருமியை முழுதாகப் பார்ப்பதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு துண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார். அதே சாயலுள்ள துண்டு நம் உடலில் இருந்தால் அதையும் பிடிக்கிறார். இப்படி ஆள் மாறிப் பிடிப்பதை விஞ்ஞானிகள் மூலக்கூற்று ஒப்பனை என்கிறார்கள்.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் வாதக்காய்ச்சல். றூமற்றிக் காய்ச்சல் என்று கிளினிக்கில் கேட்டிருப்பீர்கள். இதைத் தொடக்கிவைக்கும் கிருமி தொண்டைப் புண்ணைத் தரும் ஸ்ரெப்ரோகொக்கஸ் பயோஜினிஸ். அதன் உடல் முழுக்க மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்துக்கு 'எம்' புரதம் என்று பெயர். நியூயோர்க்கில் ரொக்கபெலர் நிறுவனத்தில் வேலை செய்த ரெபெக்கா லான்ஸ்பீல்ட் என்ற பெண் விஞ்ஞானி 1920களிலிருந்து இதை ஆராய்ந்தார். இக்கிருமியின் வகைகளைப் பிரித்தறிய இன்றும் அந்தப் புரதமே உதவுகிறது. இதுவரை தெரிந்த வகைகள் 200க்கு மேல்.

'எம்' புரதத்தின் உருவம் தும்புக்கயிறு போன்றது. இரண்டு புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறி நிற்கும். கிருமியை நம் வெள்ளணுக்கள் விழுங்காமல் காப்பது அதன் வேலை. நம் இதயத் தசையை இயக்கும் மயோசின் என்ற புரதத்தின் வாலும் இப்படி முறுக்கிய கயிறுதான். கிருமியின் கயிற்றைப் பிடிக்கப் பழகிய காவலர்களில் சிலர் இதயத்தின் கயிற்றையும் பிடிக்கிறார்கள். கிருமியின் சுவரிலுள்ள ஒரு சர்க்கரைத் துணுக்கும் இந்தக் குழப்பத்தில் சேர்ந்துகொள்கிறது. பிறபொருளெதிரிகள் வால்வின் மேற்பரப்பைப் புண்ணாக்க, அந்த வழியாக வெள்ளணுக்கள் உள்ளே புகுகின்றன. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது, தழும்பு விழுந்த வால்வு தடித்து ஒட்டிக்கொள்கிறது. அதிகம் அடிபடுவது இதயத்தின் இடப்பக்கத்து மைற்றல் வால்வு. எட்டு வயதில் வந்த காய்ச்சலை வீட்டார் மறந்திருப்பார்கள். இருபத்தைந்து வயதில் கர்ப்பிணியாக மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும்போதுதான் பழைய கணக்கு வெளியே வரும்.

தொடக்கத்தில் சொன்ன சிடனம் கொரியாவும் வாதக்காய்ச்சலின் ஒரு வெளிப்பாடுதான். மூளையில் நடப்பதும் இதே வகை. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அடித்திரள்கள் என்ற பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. சிடனம் கொரியா வந்த பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகள், கிருமிச் சுவரின் அதே சர்க்கரைத் துணுக்கையும் மூளை நரம்புக் கலத்தின் மேற்பரப்பையும் ஒருசேரப் பிடிப்பதை அமெரிக்காவின் மடலின் கனிங்காம் குழுவினர் 2003இல் காட்டினார்கள். இங்கே அவை கலத்தைக் கொல்வதில்லை, தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட இடத்தில் கை தானாகத் துள்ளுகிறது. அதனால்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ எழுத்து மறுபடி கோட்டுக்கு வந்துவிடுகிறது. வால்வில் விழுந்த தழும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொண்டை நோ வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஏன் இப்படி ஆவதில்லை? மருந்தே கொடுக்காமல் விட்டாலும் நூற்றுக்கு மூவருக்கு மேல் வாதக்காய்ச்சல் வருவது அரிது. பரம்பரையாக வந்த நிர்ப்பீடன அமைப்பு ஒரு காரணம். மற்றக் காரணம் திரும்பத் திரும்ப வரும் தொற்று. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகளிலும், நெருக்கியடித்த வகுப்பறைகளிலும் கிருமி ஆள் மாறி ஆள் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு சுற்றும் காவலர்களின் நினைவைத் தீட்டிவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெனிசிலின் வருமுன்னரே இந்த நோய் இறங்கத் தொடங்கியதற்கு, வீடுகள் விசாலமானதே பெருங்காரணம் என்று கருதப்படுகிறது. உலகக் கணக்கு இன்னும் சிறியதல்ல. 2015இல் ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம் பேர் வாதக்காய்ச்சலால் வந்த இதய நோயோடு வாழ்ந்தார்கள் என்றும், 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டு இறந்தார்கள் என்றும் மதிப்பிடப்பட்டது. 2018இல் உலக சுகாதார மாநாடு இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

இவ்வளவு தெரிந்தும் தடுப்பூசி ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் பதில் இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. கிருமியின் உருவத்தை முன்கூட்டியே காட்டிக் காவலர்களைப் பழக்குவதே தடுப்பூசி. காட்டும் உருவமே இதயத்தைப் போன்றதாக இருந்தால்? 1960களில் அமெரிக்காவில் 'எம்' புரதம் கொண்ட ஒரு சோதனைத் தடுப்பூசி போடப்பட்ட பிள்ளைகளில் மூவருக்குப் பின்னர் வாதக்காய்ச்சல் வந்தது. 1969இல் அது மருத்துவ இதழில் வெளியானது. 1979இல் அந்நாட்டு அரசு இவ்வகைத் தடுப்பூசிகளுக்கு விதித்த தடை, கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இன்று ஆய்வாளர்கள் இதயத்தை ஒத்த பகுதிகளை வெட்டிவிட்டு, மிச்சத் துண்டுகளால் தடுப்பூசி செய்ய முயல்கிறார்கள்.

கால் தளர்ந்து வரும் பிள்ளை

ஒப்பனை எப்போதும் புரதத்தால்தான் வரவேண்டும் என்றில்லை. கியான்-பாரே என்ற நோய் இதற்கு நல்ல சாட்சி. வயிற்றோட்டம் வந்து சுகமாகி ஒன்றிரண்டு வாரம் கழிந்தபின், பாதத்தில் தொடங்கும் தளர்ச்சி மேலே ஏறும். சிலருக்கு மூச்சுத் தசைவரை போகும். இதற்கு முன்னோடியாக அதிகம் காணப்படும் கிருமி, சரியாக வேகாத கோழியிறைச்சியில் வரும் கம்பைலோபக்ரர். அதன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருள், நம் நரம்பின் மேலுள்ள ஜீஎம்1 என்ற பொருளின் அச்சு. யப்பானிய நரம்பியலாளர் நொபுஹிரோ யூகியின் குழுவினர் அந்தக் கிருமிப் பொருளை முயல்களுக்கு ஏற்றிக் கால் தளரச் செய்து, 2004இல் இதை உறுதிப்படுத்தினார்கள்.

இலங்கையில் இந்நோய்க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. இங்கே கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். ஆனாலும் போலியோ திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க, 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரெனக் கால் தளர்ந்தால் அது அறிவிக்கப்பட வேண்டும். பிள்ளையின் மல மாதிரிகள் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். போலியோவைத் தேடி விரித்த இந்த வலையில் அதிகம் விழுவது கியான்-பாரேதான். மல மாதிரி கேட்டால் பெற்றோர் பதறவேண்டியதில்லை. அது நாட்டுக்கான காவல்.

கற்கண்டு நூல்

இதுவரை சொன்னது நிறுவப்பட்ட பாதை. இனி வருவது இன்னும் விசாரணையில் இருப்பது.

பனங்கற்கண்டு செய்யும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சிய பாணியைப் பாத்திரத்தில் ஊற்றி நூல்களை உள்ளே விட்டு ஆறவிடுவார்கள். முதலில் ஒரு சிறு மணி நூலில் பிடிக்கும். அதன்மேல் அடுத்தது, பிறகு அடுத்தது. நாள் போகப்போகப் பாணியாய் இருந்தது கல்லாகிவிடும். கரைந்திருந்த சீனி வெறும் பாணியில் தானாகக் கட்டிபட நாள் எடுக்கும், நூலும் ஒரு மணியும் கிடைத்தால் விரைவாகக் கட்டிபடும்.

சில புரதங்களும் அப்படி. அரிசிமா ஒன்றுதான், உரலில் பிழிந்தால் இடியப்பம், குழலில் அவித்தால் பிட்டு. அதுபோல ஒரே மாலை இருவிதமாக மடியலாம். சரியாக மடிந்தது கரைந்து உலாவும். பிழையாக மடிந்தது தன் இனத்தவற்றைத் தன்மேல் அடுக்கி நாராகும். இத்தகைய நார்க்கட்டுகளுக்கு அமிலோயிட் என்று பெயர். பார்க்கின்சன் நோயாளரின் மூளைக்கலங்களில் சிறு உருண்டைகள் இருப்பதை பிரெடெரிக் லூயி 1912இல் கண்டார். அல்பா சினுக்கிளின் என்ற புரதம் பிழையாக மடிந்து அந்த உருண்டைகளில் குவிந்திருப்பது 1997இல்தான் தெரிந்தது. அல்ஸைமரில் குவிவது வேறு புரதம், ஆனால் குவியும் விதம் ஒன்று.

அமிலோயிட் என்றால் நோய், தவறு, விபத்து என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2002இல் மத்தியூ சாப்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு புதுமையைச் சொன்னார்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலை பற்றீரியா அமிலோயிட் நாரை வேண்டுமென்றே செய்கிறது. கேர்ளி என்பது அதன் பெயர். குளிக்கும் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் கை வழுக்கும் படலம் இருக்கிறதே, அப்படிப்பட்ட படலங்களைக் கட்டிப் பிடித்து நிற்கப் பற்றீரியாக்களுக்கு இத்தகைய நார்கள் உதவுகின்றன. சல்மொனெல்லாவும் இதைச் செய்யும்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. குடலில் இருக்கும் இந்த நார், மூளைப் புரதம் பிழையாக மடிவதற்குக் கற்கண்டு நூலாகுமா? பார்க்கின்சன் நோயாளர் பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கல் வருகிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஹைக்கோ பிராக், நோய் குடலில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மேலேறலாம் என்று 2003இல் ஒரு கருதுகோளை வைத்தார். பழைய நாளில் வயிற்றுப்புண்ணுக்காக வேகஸ் நரம்பை முழுதாக வெட்டிவிட்டவர்களில் பார்க்கின்சன் சற்றுக் குறைவாக வந்ததாக 2015இல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது.

2016இல் ரொபர்ட் ப்ரீட்லண்ட் உள்ளிட்டோர் வயதான எலிகளுக்குக் கேர்ளி செய்யும் ஈ. கோலையையும், கேர்ளி செய்யத் தெரியாத ஈ. கோலையையும் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார்கள். முதற் கூட்டத்தின் குடலிலும் மூளையிலும் அல்பா சினுக்கிளின் கூடுதலாகக் குவிந்தது. 2020இல் திமதி சாம்ப்சன் குழுவினர், அப்புரதம் மிகையாகச் சுரக்குமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளில் இதைத் தொடர்ந்தார்கள். கேர்ளி செய்யும் கிருமி குடலில் இருந்தபோது அவற்றின் நடை இன்னும் தளர்ந்தது.

எலியில் இது அழகான சான்று. மனிதரில் இது இன்னும் சந்தேகம் மட்டுமே. ஈ. கோலை ஏறத்தாழ நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது, பார்க்கின்சனோ சிலருக்குத்தான் வருகிறது.

நார் பிடித்த மரபிழை

கேர்ளி இன்னொரு பக்கமும் இழுக்கிறது. பற்றீரியாப் படலத்தில் கேர்ளி நாரோடு, செத்த பற்றீரியாக்களின் டிஎன்ஏ இழைகளும் பின்னிக் கிடக்கும். டிஎன்ஏ தனியாக வந்தால் உடல் அதிகம் கண்டுகொள்வதில்லை. நாரில் சிக்கி வரும்போது இரண்டும் சேர்ந்து நிர்ப்பீடனக் கலங்களை உலுப்பிவிடுகின்றன. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் சாலா டூக்கெல் குழுவினர் 2015இல் இந்தக் கலவையைச் சுண்டெலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகள் தங்கள் டிஎன்ஏயையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கின. லூபஸ் நோயை உறுதிப்படுத்த டொக்டர்மார் தேடும் அடையாளம் அதேதான். லூபஸ் நோயாளரின் இரத்தத்திலும் கேர்ளிக் கலவைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதையும், சிறுநீரில் பற்றீரியா விடாமல் இருப்பவர்களில் அவை கூடுதலாக இருப்பதையும் 2020இல் அவர்கள் சொன்னார்கள். லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கிருமி தானே ஒப்பனை செய்யாமல், நம் அடையாள அட்டையைக் கிறுக்கிவிடுவது. முரசு நோயைத் தரும் போர்பிரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பற்றீரியாவிடம் ஒரு நொதியம் இருக்கிறது. அது நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற மணியைச் சிற்றுலின் என்று மாற்றிவிடும். மாற்றிய புரதத்தைக் காவலர்களுக்கு அடையாளம் தெரியாமற் போகும். ரூமற்றொயிட் மூட்டுவாதத்துக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, இத்தகைய சிற்றுலின் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத்தான் தேடுகிறது. முரசு நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. தொடர்பு மட்டும் காரணமாகிவிடாது.

தேத்தண்ணியும் தலைப்புச் செய்தியும்

அதே முரசுக் கிருமியைப் பற்றி 2019இல் ஒரு பெரிய செய்தி வந்தது. அல்ஸைமர் வந்து இறந்தவர்களின் மூளையில் அதன் நொதியங்கள் காணப்பட்டன. நொதியத்தை அடக்கும் மருந்து ஒன்றும் தயாரானது. சில நூறு நோயாளரில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது. மறதி நோய் மெதுவாகவில்லை, ஆய்வு எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

இன்னொரு கதை நம் நாட்டுக்கு நெருக்கமானது. சாம்ப்சனின் எலி ஆய்வில் கேர்ளி நார் கட்டுவதைத் தடுக்கக் கொடுத்த பொருள், பச்சைத் தேயிலையில் நிறைந்திருக்கும் ஈஜீசீஜீ. எலிகளுக்கு அது பலன் தந்தது. இதைப் படித்ததும் தேயிலை நாட்டவரான நமக்குக் கோப்பையை நிரப்பத் தோன்றும். ஆனால் பார்க்கின்சனுக்கு உறவான, அதே சினுக்கிளின் குவியும் வேறொரு மூளை நோயில் ஈஜீசீஜீயை மாத்திரையாகக் கொடுத்து ஜெர்மனியில் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. நோய் மெதுவாகவில்லை, சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. மேலும், நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையில் பதப்படுத்தும்போதே ஈஜீசீஜீயின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது. தேத்தண்ணியைத் தேத்தண்ணிக்காகக் குடியுங்கள்.

ஆகவே இப்படிப்பட்ட செய்தியைக் கண்டால் நாலு கேள்வி கேளுங்கள். இது எலியிலா, மனிதரிலா? இரண்டும் ஒன்றாகக் காணப்பட்டதா, ஒன்றால் மற்றது வந்ததா? கிருமியை நீக்கியபோது நோய் குறைந்ததா? வேறு ஆய்வுகூடத்திலும் அதே முடிவு வந்ததா? வாதக்காய்ச்சல் இந்த நாலையும் தாண்டி நிற்கிறது. கியான்-பாரே பெரும்பாலும் தாண்டிவிட்டது. கேர்ளியும் முரசுக் கிருமியும் முதற் கேள்விகளிலேயே நிற்கின்றன. குடலைச் சுத்தம் செய்து மூளையைக் காப்போம் என்று விற்கப்படும் பொடிகளும் போத்தல்களும் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

நிறுவப்பட்ட நோய்க்கே மலிவான மருந்தும் இருக்கிறது. தொண்டை நோ பெரும்பாலும் வைரசால் வருவது. மூக்கு ஒழுகி, இருமி, கண் சிவந்தால் கொத்தமல்லித் தண்ணியும் ஓய்வும் போதும். ஆனால் 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு தொண்டை நொந்து, இருமலோ தடிமலோ இல்லாமல், கழுத்தில் நெறி கட்டி, உண்ணாக்குப் பக்கம் வெள்ளை படிந்திருந்தால் அது ஸ்ரெப்ரோகொக்கஸாக இருக்கலாம். டொக்டரிடம் காட்டவேண்டும். நோ தொடங்கி 9 நாளுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும் வாதக்காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்க விமானப்படை முகாம் ஒன்றில் நடந்த ஆய்வுகளிலிருந்து தெரிந்தது. 10 நாள் குளிசை எழுதினால் 10 நாளும் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிள்ளை ரியூஷனுக்கு ஓடும், குளிசைப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியின் மேல் தங்கிவிடும். கிருமியும் தொண்டையில் தங்கிவிடும்.

ஒருமுறை வாதக்காய்ச்சல் வந்துவிட்டால் 3 அல்லது 4 கிழமைக்கொரு முறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போடுவார்கள். இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கும் குறைந்தது 5 ஆண்டு, அல்லது 21 வயதுவரை, எது நீண்டதோ அதுவரை. வால்வு கெட்டவர்களுக்கு 40 வயதுவரையும் போகலாம். ஊசி நன்றாக நோகும். தொடை விறைத்து ஒருநாள் நடக்கச் சிரமப்படும். அதனால்தான் பிள்ளை சுகமாக ஓடியாடும் மூன்றாம் ஆண்டில் எந்தத் தாய்க்கும் அந்தக் கேள்வி வரும்: நோயே இல்லாத பிள்ளைக்கு ஏன் இந்த வேதனை?

இவ்வளவும் படித்தபின் பதிலை நீங்களே சொல்லிவிடலாம். அந்த ஊசி இதயத்தைத் திருத்தப் போடுவதல்ல, பழைய தழும்பை அது ஆற்றாது. முறுக்கிய கயிறு போன்ற அந்த உருவத்தோடு கிருமி இன்னொரு முறை தொண்டைக்கு வந்தால், காவலர்களின் பழைய நினைவு மறுபடி எழும், அடுத்த அடி முதலடியைவிட வால்வை ஆழமாகக் கெடுக்கும். கிருமி வராதவரை அந்த உருவத்தை உடல் காணாது. காணாதவரை பிடிக்காது. கிளினிக் கொப்பியில் எழுதித் தரும் அடுத்த திகதி இதற்காகத்தான்.